ஒட்டுவாரொட்டி

அந்த ஜனவரி முழுக்க
கொட்டாவிகளை எண்ணுவது என் வேலை.

ஓலு நகரம். பல்கலைக்கழகத்தின் நிலவறை.
மதியம் மூன்று மணிக்கெல்லாம்
பகல் கடையைக் கட்டிவிடும் ஊர்.
திரையில் பதினொரு முகங்கள்,
முகத்துக்கு ஆறு விநாடி,
வாய் பிளந்து, கண் சுருங்கி,
சத்தமில்லாமல் மூடும்.
பார்க்க வந்தவர் கண்ணாடிக்கு அப்பால்.
நான் இப்பால்,
உள்ளங்கையில் அடங்கும் எண்ணும் கருவியோடு.
அழுத்தினால் டிக்.

என் பங்குக்கு நான்
நாளொன்றுக்கு நாற்பது விட்டேன்.
அதை யாரும் எண்ணவில்லை.

படிவத்தின் மேல் ஒரே கேள்வி:
ஆட்டிசம் உள்ளவருக்கு
அடுத்தவர் கொட்டாவி ஒட்டுமா?
ஒட்டாதென்றால்
அடுத்தவர் வலியும் ஒட்டாது என்று
பேராசிரியர் சொன்னதில்லை.
சொல்லாமல் விட்ட அது
எங்கள் அறையிலேயே
நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

வியாழக்கிழமை சிர்க்கு வந்தாள்.
இரவெல்லாம் தபால் பிரித்துவிட்டு
வீட்டுக்குப் போகாமல் நேரே.
விரல் நுனிகளில்
கடித உறைகள் கீறிய சிவப்புக் கோடுகள்.
பதினொரு முகத்தையும் பார்த்தாள்,
தபால்தலையைப் பார்ப்பதுபோல
அருகே குனிந்து.

கொட்டாவி: சுழியம்.

அடுத்தவரைக் கூப்பிட வேண்டியவள் நான்.
கூப்பிடாமல்
படிவத்தில் இல்லாத கேள்வியைக் கேட்டேன்:
எதைப் பார்த்தீர்கள்?

"மூன்றாமவருக்குக் கடைவாய்ப் பல்லில் வெள்ளி அடைத்திருக்கிறது.
ஏழாமவர் நாக்கில் மச்சம்.
ஒன்பதாவது பெண் நடிக்கிறாள்.
நிஜமாக வந்தால்
காது எள்ளளவு பின்னால் போகும்.
அவளுக்குப் போகவில்லை."

ஓட்டிப் பார்த்தேன். நிறுத்தி, மறுபடி ஓட்டிப் பார்த்தேன்.
போகவில்லை.
மூன்று ஆண்டுகளாக அந்தப் பொய்யைக் காட்டித்தான்
மெய் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"எனக்கு நடிப்பு தெரியும்," என்றாள்
மேலங்கிப் பொத்தான்களைக் கீழிருந்து மேலாக மாட்டியபடி.
"ஒன்பது வயதில் குளியலறைக் கண்ணாடி முன் பழகினேன்.
கணக்கு வகுப்பில் ஒருவன் விட்டால்
வரிசையாக எல்லோரும் விடுவார்கள்.
நான் விடாவிட்டால் திரும்பிப் பார்ப்பார்கள்.
மூன்று பேர் போனதும் என் முறை என்று
எண்ணிக்கொண்டு வாயைத் திறப்பேன்.
இங்கேயும் திறந்திருப்பேன்.
நீங்கள் உண்மையைக் கேட்டீர்கள்."

பேருந்து நிறுத்தம். மைனஸ் இருபத்தேழு.
அவளுடைய பேருந்தும் என்னுடையதும் ஒன்றே.
எனக்கு முதுகைக் காட்டி நின்று
அஞ்சல் குறியீட்டு எண்களில்
வடக்கே போகப் போக என்ன மாறுகிறது என்று
பனிக்குவியலிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.
எனக்குக் கொட்டாவி வந்தது.
மூக்குவரை சுற்றிய கம்பளிக்குள்
தாடையை இறுக்கி அதை விழுங்கினேன்.
யாரும் பார்த்திருக்க முடியாது.

அவள் பேச்சு நின்றது.
தோள் உயர்ந்தது.
வாயிலிருந்து ஒரு பெரிய வெண்புகை
மெல்ல வெளியேறி
தெருவிளக்கு வரை போனது.

"இது உங்களுடையது," என்றாள் திரும்பாமலே.
"உங்கள் மூச்சு ஓரிடத்தில் தடுக்கி நின்றது. கேட்டது."

கையுறைக்குள் என் கட்டைவிரல்
தானாக அழுத்தியிருந்தது.
டிக்.

"அதை எண்ணாதீர்கள்," என்றாள்.
"நேற்று காலையிலிருந்து நான் தூங்கவில்லை.
வெறும் தூக்கமாகவும் இருக்கலாம்."

தொப்பிக்குள் அவள் காது அசைந்ததா,
தெரியாது.
பேருந்து வந்தது. அவள் முன்னால் உட்கார்ந்தாள், நான் பின்னால்.

படிவத்தில் சுழியத்தை நான் திருத்தவில்லை.
ஓரத்தில் பென்சிலால் மட்டும்
காது என்று எழுதி வைத்தேன்.
திங்கட்கிழமை பேராசிரியர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:
யாருடைய காது?