ஒற்றைக் காலில்

கியாகோயோ ஞாயிற்றுச் சந்தையில்
பழைய மோட்டார் சைக்கிள் விற்கும் ஃபிதென்சியோ
கையில் பணம் எவ்வளவு என்று கேட்கவில்லை.
பூட்ஸைக் கழற்றிவிட்டுச் சுவரோடு ஒட்டி நில் என்றார்.
தன் கடன் நோட்டை என்னிடம் கொடுத்து
தொடைகளுக்கு நடுவே நிமிர்த்தி இடுக்கிக்கொள்,
இதற்கு மேல் ஏறாது என்கிறவரை தூக்கு என்றார்.
பிறகு நாகரிகமாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு
அளவுநாடாவை மட்டும் பின்னால் நீட்டினார்.

அறுபத்தெட்டு.
யார் யாரோ பட்ட கடன்களின் மேல் விளிம்பிலிருந்து
தரை வரைக்கும்
அறுபத்தெட்டு சென்டிமீட்டர்.

"தலை உயரம் எதற்கும் உதவாது," என்றார்.
"தொப்பி போட்டால் மாறிவிடும்.
கால்தான் பொய் சொல்லாது."

முதலில் சிவப்பு.
இருக்கை எழுபதுதான், பழைய ஸ்பிரிங், உட்கார்ந்ததும் அமுங்கியது.
இரண்டு பாதமும் முழுதாகச் சிமெண்டில்,
சமையலறை முக்காலியில் உட்கார்ந்த மாதிரி.
"உனக்கென்றே தைத்த சட்டை!"
பக்கத்தில் நின்று பொரித்த உருளைக்கிழங்கு தின்றவர்கூட
வாய் நிறையத் தலையாட்டினார்.

நான் குனிந்து அதன் வயிற்றைப் பார்த்தேன்.
கீழே ஒரு சாண்கூட இல்லை.
என் வழியில் சிமெண்ட் இல்லை, ஐயா.
தபகாரி ஆற்றுப்படுகைதான் எட்டு மாதம் சாலை,
மிச்ச நாலு மாதம் அது ஆறு.
தடுப்பூசிப் பெட்டியோடு நான் கடக்கும் கற்களெல்லாம்
ஒரு சாணுக்கு மேல்.
இந்த வண்டி எனக்குப் பொருந்துகிறது.
ஆற்றுக்குப் பொருந்தவில்லை.

கடைசி வரிசையில் ஒரு நீலம் நின்றது,
வெட்டுக்கிளி மாதிரி, எலும்பும் காலுமாக.
எண்பத்து மூன்று.
மதில் ஏறுவதுபோல் ஏறினேன்.
கால் தரையில் பாவவில்லை.
அந்தச் சொல்லுக்கு உள்ள இரண்டு பொருளிலும்.

உருளைக்கிழங்குக்காரருக்குப் புரையேறிவிட்டது.
ஃபிதென்சியோ யோசனைகளை அடுக்கினார்:
பஞ்சை அறுக்கலாம், இரண்டு விரல் குறையும்.
(முதுகெலும்பு மூன்று விரல் குறையும், அதை அவர் சொல்லவில்லை.)
பூட்ஸுக்கு அடிவைத்துத் தைக்கலாம்.
கழுதை வாங்கலாம்.

அவர் பேசிக்கொண்டே இருக்க
நான் இடுப்பை இடப்பக்கம் நழுவவிட்டேன்.
இருக்கையில் பாதி நான், காற்றில் பாதி நான்.
இடது பாதம் இறங்கிற்று,
விரல், அப்புறம் குதிகால்,
முழுதாக.
வலது கால் தன் பாட்டுக்கு பிரேக்கில் கிடந்தது.

ஒற்றைக் காலில் நின்றேன்.
விலையிலும் அப்படியே.
மத்தியானம் நாநூறு பொலிவியானோ குறைத்தார்.
நோட்டில் என் எண்ணுக்கு எதிரே
எதையோ எழுதி அடித்தார், திரும்ப எழுதினார்.
எட்டிப் பார்த்தேன், மூடிக்கொண்டார்.

ஏழு மாதம் ஆயிற்று.
நாலு முறை விழுந்தேன், நாலும் நின்றபோது.
ஓடும்போது நான் எல்லோர் உயரமும்தான்.

லாரிக்காரர்களுக்குக் கிலோமீட்டர் கல் தெரியும்,
எனக்கு இடப்பக்கம் மண் மேடாகும் இடங்கள் தெரியும்:
தேவாலயத்துப் படி,
உடைந்த மதகின் உதடு,
செத்த யூகலிப்டஸின் வேர்.
மற்ற இடத்தில் கை காட்டினால் நிற்க மாட்டேன்.
திமிர் பிடித்தவள் என்று ஒரு பேச்சு இருக்கிறதாம்.
இருக்கட்டும்.

நாலாவது விழுகை எலெயுத்தேரியோ வீட்டு வாசலில்.
மண் இடப்பக்கம் சரிந்திருந்தது, நான் கவனிக்கவில்லை.
பெட்டி உருண்டது, ஐஸ் சிதறியது,
மருந்துக் குப்பி ஒன்றுகூட உடையவில்லை.
அவர் ஓடிவந்து வண்டியைத் தூக்கி நிறுத்தினார்.
இருக்கை அவர் இடுப்புக்கு வந்தது.
என்னைப் பார்த்தார், அதைப் பார்த்தார்.

"உங்கள் அளவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லையா, செவிலியம்மா?"

"கிடைத்தது," என்றேன், முழங்கையில் மண்ணைத் தட்டிக்கொண்டே.
"ஆறுதான் என் அளவுக்குக் கிடைக்கவில்லை."

அவர் மகள் கதவுக்குப் பின்னால் நின்றாள்.
சட்டைக்கையை மடி என்றேன்.
உடனே அழத் தொடங்கினாள்.