மூன்றாவது சிலிண்டர்

சால்ட்டாவிலிருந்து ஏறும் ஒபிஸ்போ மலைப்பாதையில்
எத்தனையாவது வளைவோ,
டி டெல்லாவின் வெப்பமுள் சிவப்பைத் தாண்டி
எழுத்தே இல்லாத இடத்துக்குப் போய்விட்டது.
அப்போதும் எவரிஸ்தோ
“இன்னும் ஒரே ஒரு வளைவு” என்றான்.
பதினோரு வருஷம் கேட்ட வாக்கியம்.

வீட்டை விற்றுப் பங்கிட்டாயிற்று.
நாயை அவன் அக்கா கூட்டிப்போனாள்.
மிச்சம் இந்த அறுபத்தாறாம் வருஷத்துக் கார்,
பாதி என் பெயரில், பாதி அவன் பெயரில்.
காச்சியில் ஒருவர் ரொக்கம் தருவதாகச் சொன்னார்.
கையெழுத்து இரண்டு, ஆகவே
ஆளும் இரண்டு.

நிறுத்தியதும் நீராவி.
அதற்கு முன்பே கேட்டிருந்தேன்:
நான்கு துடிப்பில் ஒன்று விடுபட்டு
அந்த இடத்தில் ஒரு இருமல்.
ரேடியேட்டர் மூடிக்குப் போன அவன் கை
“ஆறட்டும்” என்றதும் பாதியில் நின்றது.
கல்லில் உட்கார்ந்தோம்.
அவன் கன்னத்தில் கோகா இலை உருண்டை.
மூவாயிரம் மீட்டர் உயரத்தில்
பேச்சும் மூச்சும் ஒரே பையிலிருந்துதான் செலவாகின்றன.
ஒரு மணி நேரம் இரண்டு பேரும் சிக்கனமாக இருந்தோம்.

மேல்மூடியைக் கழற்றினால்
ஏழு ஸ்ப்ரிங் ஒரே உயரம்,
ஒன்று மட்டும் அமுங்கிக் கிடந்தது.
மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு.
இந்த எஞ்சினில் இரண்டும் மூன்றும்
ஒரே வாய் வழியாகப் புகை விடுபவை.
சூடு அங்கேதான் தேங்கும்.

ஆட்டுக்குட்டி கிடைத்தால் கட்டிவர
அவன் வைத்திருந்த பருத்திக் கயிற்றை
பிளக் துளையில் விரல் விரலாக ஊட்டினேன்.
அவன் ஃபேன் பெல்ட்டைப் பிடித்து இழுக்க
பிஸ்டன் ஏறி, கயிறு திரண்டு
வால்வுக்கு அண்டை கொடுத்தது.
“போதும்.”
“போதுமா?”
“போதும்னா போதும்.”
ராக்கரை ஒதுக்கி, ஸ்ப்ரிங்கை அமுக்கி
அரிசியளவுப் பூட்டு இரண்டையும்
இடுக்கியால் எடுத்து அவன் தொப்பியில் போட்டேன்.

செயற்கைப் பல் செய்பவள் நான். பையில் இருந்தவை
வாய்க்கண்ணாடி, சுரண்டி, பல்லிடை நூல்.
அவன் காந்தத்தை நீட்டினான்.
இந்த வால்வின் உலோகம் காந்தத்துக்கு மசியாது.
கயிற்றை உருவிவிட்டு, தண்டின் கழுத்துப் பள்ளத்தில்
நூலைச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டேன்.
கெரோசின் சொட்டி, மரக்கட்டை வைத்துத் தட்டினேன்.
அசையவில்லை.
தட்டினேன். லாரி ஒன்று ஹாரன் அடித்துப் போயிற்று.
தட்டினேன்,
சட்டென்று வழுக்கிக் கீழே போய்விட்டது.
நூல் மட்டும் என் விரலில்.

குழலுக்குள் கருப்பாய் இறுகிய காரை,
சுருட்டு பிடிப்பவன் கடைவாயில் பார்ப்பதேதான்.
சுரண்டிக்கொண்டே கேட்டேன்,
“டாப்பெட்டை யார் முறுக்கினது?”
பதில் வரக் கொஞ்ச நேரமாயிற்று.
டக்டக்கென்று வாங்குகிறவர் காதில் விழக்கூடாதென்று
நேற்று ராத்திரி எட்டையும்
இடைவெளியே இல்லாமல் அடைத்திருக்கிறான்.

திட்டத் தோன்றியது. மூச்சு போதவில்லை.
நூலை இழுத்தேன், வால்வு சமர்த்தாய் மேலே வந்தது.
பையின் மூலையில் யாருடைய கடைவாய்ப் பல்லோ,
ஒரு பழைய எக்ஸ்ரே ஃபிலிம். அதை இரண்டாக மடித்து
எட்டு இடத்திலும் நுழைத்து நுழைத்து
அந்தக் கனத்துக்கு வழி விட்டு வைத்தேன்.
அவன் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான்.

மிச்ச வழி முழுக்க டக்டக்.
காச்சியில் லிபோரியோ குவானுக்கோ
பானெட்டில் காதை வைத்தார். “தட்டுகிறதே?”
எவரிஸ்தோ வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான்.
“தட்டட்டும்” என்றேன்.
அதற்கென்று ஒரு தொகை குறைத்தார்.
இரண்டால் வகுபடாத நோட்டு ஒன்றில்
பஸ் டிக்கெட் எடுத்தோம்.

திரும்பும்போது நான் ஜன்னலோரம்,
அவன் இரண்டு வரிசை முன்னால்.
வளைவுகளில் எஞ்சின் குரல் மாறும்போதெல்லாம்
அவன் தலை இடப்பக்கம் சாய்ந்தது.
கண்ணாடியில் பார்த்தேன்,
என்னுடையதும்.