சேதாரக் கணக்கு

ஐயர் பிரசங்கத்தில் சொன்னார்:
வெள்ளியைப் புடமிடுகிறவன்
அதில் தன் முகம் தெரியும்வரை
அடுப்பைவிட்டு எழுந்திருப்பதில்லையாம்.
சபையே ஆமென் என்றது.
நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டேன்.

பத்தொன்பது வருஷமாகச் சிவதாபுரத்தில்
கொலுசுக்குப் பொடி வைத்து ஊதுகிறேன்.
எங்கள் பட்டறையில் யார் முகமும்
எதிலும் தெரிந்ததில்லை.
வெங்காரப் புகை,
கேஸ் தீயின் நீல நாக்கு,
அப்புறம் கண்ணில் நீர்.
மெருகுக்குப் போகும்வரை வெள்ளி
சாம்பல் பூசிய கொத்தவரங்காய்தான்.

ஆராதனை முடிந்து வாசலில்
“ஞாயிறு மட்டும் போதாது கிருபாவதி,
அன்றாடமே ஆராதனையாகணும்” என்றார்.
சரிங்கய்யா என்றேன்.
எப்படி என்று கேட்பதற்குள்
பின்னால் இருந்தவர் கையை நீட்டிவிட்டார்.

திங்கள், எட்டரை மணி.
மாதேசு அண்ணன் தராசைத் துடைத்து
நிறுத்துக் கொடுத்தார்:
முந்நூற்றுப் பதினாறு கிராம்.
சாயங்காலம் அது திரும்பி வரணும்.
கொஞ்சம் குறையலாம், அதற்குச் சேதாரம் என்று பேர்.
அதற்கும் மேலே குறைந்தால் கூலியில் பிடிப்பு.

ஜெபத்தோடுதான் தொடங்கினேன்.
மூன்றாவது வளையத்தில்
பையனின் ஐடிஐ ஃபீஸ் வந்து உட்கார்ந்தது.
ஏழாவதில் நாத்தனாரோடு சண்டை;
அவள் பேசாததையும் நானே பேசி
நானே ஜெயித்தேன்.
பதினொன்றில் பொடி வழிந்து
இரண்டு கண்ணி ஒன்றாய் ஒட்டிக்கொண்டது.
இதுவா ஆண்டவரே ஆராதனை?
ஊதுகுழல் மட்டும் உஸ் என்றது.

இதை யாரிடமும் சொன்னதில்லை:
என் வீட்டு அலமாரியில்
சோடா உப்பு டப்பாவுக்குப் பின்னால்
ஒரு தீப்பெட்டி இருக்கிறது.
நறுக்கும்போது தெறிக்கும் துணுக்குகள்,
நகக்கண்ணில் ஒதுங்கும் அளவுதான்.
திருட்டு என்று இங்கே யாரும் சொல்வதில்லை.
வருஷத்துக்கு ஒருமுறை செவ்வாய்ப்பேட்டையில் போட்டால்
பையனுக்குக் கிறிஸ்துமஸ் சட்டை.
அதிலும் பத்தில் ஒன்றைக்
கவரில் போட்டுக் காணிக்கையாய்க் கொடுத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம்
வேலையோடு துணுக்குகளையும் தட்டில் வைத்தேன்.
முந்நூற்றுப் பதினைந்தே முக்கால்.
அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
மெச்சுவார் என்றுதான் நினைத்தேன்.
“இன்னைக்கு இவ்வளவு சரியா வருதே,
அப்ப நேத்து வரைக்கும்?”

எனக்கு அடுத்து நின்ற பச்சியம்மா
தட்டை முந்தானையால் மூடினாள்.
என் வாய் உலர்ந்தது.
இதை நான் யோசிக்கவேயில்லை,
என் ஆராதனை அவள் தட்டில் போய் இடிக்கும் என்று.
“நேத்து வரைக்கும் நான் எடுத்தேங்கண்ணா.
நான் மட்டுந்தான்.”
கடைசி வார்த்தை பொய்யா என்று
இன்னும் எனக்குத் தெரியாது.

அவர் சீட்டில் ஏதோ எழுதினார், அடித்தார்.
“போய்க் கையைக் கழுவு.”

எங்கள் பட்டறையில் கைகழுவும் தண்ணீரைத்
தரையில் விடுவதில்லை. டிரம்மில் பிடிப்போம்.
பாய் உதறிய தூசி, விளக்குமாற்றுத் தும்பு,
தேய்ந்த கைத்துணி, எல்லாம் சேர்த்து வைப்போம்.
ஆறு மாசத்துக்கு ஒருமுறை ஆள் வந்து
அந்தச் சேற்றை எடுத்துப்போவான்.
அதிலிருந்தும் வெள்ளி வருமாம்.
முகம் தெரியுமா என்று நான் கேட்டதில்லை.

சோப்புப் போட்டுத் தேய்த்தேன்.
ஃபீஸ், நாத்தனார், பாதியில் நின்ற ஜெபம்,
பச்சியம்மாவின் முந்தானை,
எல்லாம் கறுப்பாய் இறங்கின.
வடக்கே சேர்வராயன்மேல்
ஏற்காட்டுக் கடைசி பஸ்
வெளிச்சத்தைத் தொலைத்துத் தொலைத்து ஏறியது.

டிரம்மை மூடினேன்.
நாளைக்கு எனக்குப் பலகை இருக்குமோ இல்லையோ.
எட்டரைக்குப் போவேன்,
தீப்பெட்டியோடு.