செகண்ட்ஸ்

எங்கள் கிளப்புக்கென்று நிறம் கிடையாதுங்க.
எந்த லாட் திரும்பி வந்ததோ
அந்த வருஷம் அந்த நிறம்.

எண்பத்தாறில் ஆரஞ்சு; சாயம் நிற்கவில்லை.
மங்கலத்தோடு மழையில் ஆடினோம்.
ஆட்டம் முடிகையில்
எதிரணியும் ஆரஞ்சு, நடுவரும் ஆரஞ்சு.
அடுத்தது ஊதா. தலை நுழையாத கழுத்து.
செக்கிங் காளியாத்தா பதினொன்றையும் பிரித்துத் தைத்தாள்.
கூலியாகக் கேட்டது
கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு நாற்காலி.

தொண்ணூற்று மூன்றில்
ஆஸ்திரேலியா போக வேண்டிய கையில்லாச் சட்டை.
அங்கே ஏதோ ஊர்க் கழகமாம்,
முட்டைப் பந்தை முஷ்டியால் குத்தி ஆடுவார்களாம்.
நெஞ்சில் அவர்கள் பேர், எழுத்துப் பிழையோடு.
அந்தப் பேரில்தான் கோபியில் ஜெயித்தோம்.
கோப்பையிலும் அதையே பொறித்தார்கள்,
அதே பிழையோடு.

காதர் மைதீன் உதைத்து நொய்யலில் விழுந்த பந்து
அன்றைய டையிங் நிறத்தில் திரும்பும்.
மைதானத்தில் பாதி இப்போது குடோன்;
ஒரு பக்கக் கார்னருக்கு
வாட்ச்மேனிடம் சாவி வாங்கணும்.

போன ஞாயிறு
ஓவர்லாக் ஓட்டும் ஒடிசாப் பையன், சுசாந்த்,
வெறும் மேலோடு வந்து கேட்டான்:
“நம்ம கலர் என்னண்ணா?”

மூட்டையைக் காட்டினேன்.
இன்னும் பிரிக்கவில்லை.