பெற்றேன், ஏற்றேன்

உஸ்த்கா துறைமுகம். மீன் புகையூட்டும் ஆலை.
விடிகாலை நாலேகால்.
வாசலில் மூன்று லாரி.
நாங்கள் கேட்டது ஒன்று.

ஸியெமோவித் முதல் லாரியிலிருந்து குதித்து
என் சன்னலைத் தட்டுகிறான்:
"பன்னிரண்டு டன் சால்மன். எங்கே இறக்க?"
அவனுக்குப் பின்னால் இன்னொரு பன்னிரண்டு.
அதற்கும் பின்னால்.

எட்டு மாதம் பேசினோம்,
நார்வேக்காரர்களும் நாங்களும்,
எங்கள் கணினியும் அவர்கள் கணினியும்
ஆள் துணையின்றிப் பேசிக்கொள்வதற்காக.
பெட்டி என்றால் பனிக்கட்டியோடா, இல்லாமலா?
அதற்கே மூன்று வாரம்.
நாள் முன்னாலா, மாதம் முன்னாலா?
காற்புள்ளி பைசாவைப் பிரிக்குமா, ஆயிரத்தையா?
எல்லாம் எழுதிக் கையெழுத்திட்டோம்.
மௌனம் என்றால் என்ன என்று மட்டும்
யாரும் கேட்கவில்லை.

திங்கள் இரவு என் நிரல் ஆர்டர் அனுப்பியது.
முப்பது நொடி பதில் இல்லை.
காதில் விழவில்லை போலும் என்று
மறுபடி கேட்டது.
மறுபடியும்.
அப்படிக் கேட்கச் சொல்லி எழுதியவள் நான்தான்.

கப்பலில் ஓட்டுநர் மூவரும்
ஒரே மேசையில் சூப் குடித்தார்களாம்.
ஒரே ஆலை, ஒரே நாள், ஒரே எடை என்று
சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம்.
அந்தச் சிரிப்பு வந்து சேர
எங்கள் ஒப்பந்தத்தில் கட்டம் இல்லை.

ஃப்ரோயா தீவுக்குப் போன் போட்டேன்.
இங்வில்ட் வாயில் பல்துலக்கும் பிரஷ்.
"மூன்றும் வந்தது. மூன்றுக்கும்
பெற்றேன் என்று பதில் போட்டிருக்கிறது, பார்."
"தாமதமாக."
"தாமதமாக" என்றாள், துப்பிவிட்டு.
"பெற்றேன் என்றால் ஏற்றேன் என்றா?"
தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம்.
"எங்களுக்கு இரண்டும் ஒன்று.
உங்களுக்கு?"

இனி ஒவ்வொரு ஆர்டரும்
பிறக்கும்போதே ஓர் எண்ணோடு பிறக்கும்.
அதே எண் திரும்ப வந்தால்
"முன்பே சொன்னேனே" என்று பதில் போகும்.
இருபது வரி. மதியத்துக்குள் எழுதிவிடலாம்.

ஆனால் இப்போது லாரியின் அடியில்
சொட்டுச் சொட்டாய் உருகும் பனி.
அதைப் பின்வாங்க எந்தக் கட்டளையும் இல்லை.
இரண்டாவது லாரியை ஸ்வுப்ஸ்க் குளிர்கிடங்கு
வாடகைக்கு எடுத்துக்கொண்டது.
மூன்றாவதுக்கு எங்கள் போட்டியாளர்
பாதி விலை சொன்னார், கொட்டாவி விட்டபடி.

ஸியெமோவித் மூன்று தாள் நீட்டுகிறான்.
முதல் தாளில் கையெழுத்து.
மற்ற இரண்டிலும்
பெற்றேன் என்று மட்டும் எழுதுகிறேன்.
அவன் வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கிறான்.
"அப்படியென்றால்,
வாங்கிக்கொண்டதாகத்தானே அர்த்தம்?"