லீக் பார்க்கிறவன்

தண்ணீர்ச் சபையில் இருபத்தாறு வருடம்.
ஊர் அடங்கிய பிறகு
தாமரைக்கேணியில், பார் வீதியில்
இரும்புக் கோலைத் தாரில் ஊன்றி
மறுமுனையைக் காதில் வைத்து நிற்பேன்.
கீழே எங்கோ 'ஸ்ஸ்' என்று கேட்டால்
மஞ்சள் பெயின்றால் ஒரு பெருக்கல் குறி.
விடிய வந்து தோண்டுவார்கள்.

இப்போது எனக்குள் லீக்.
ஹீமோகுளோபின் ஆறு தசம் எட்டு.
மேலிருந்து குழாய் விட்டார்கள், கீழிருந்தும் விட்டார்கள்,
இரண்டும் எட்டாத நடுவில்தான்
எங்கேயோ போகிறதாம் இரத்தம்.

மிஸ்ஸி மஸாஹிரா உள்ளங்கையில் வைத்துத் தந்தாள்.
பேரீச்சங்கொட்டை நீளம், அதைவிட மொத்தம்,
ஒரு நுனி கண்ணாடி,
சிமிட்டிக்கொண்டிருந்தது.
"கடிக்காம விழுங்குங்க ஐயா, சரியான விலை."
ஒரு மிடறு தண்ணீர்.
அதுவும் எங்கள் சபைத் தண்ணீர்.

வயிற்றில் எட்டு ஒட்டு, எட்டு வயர்,
இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் பெட்டி,
பெட்டியில் பச்சை வெளிச்சம்.
"வீட்ட போய் வழமபோல இருங்க,
நாலு மணிக்குக் கொண்டு தாங்க."

கல்லடி பஸ்.
பாலத்தடியில் வேகம் குறைந்ததும்
கை தானாகப் போய்ச் சேட்டைத் தூக்கியது.
சென்ரி எடுத்து எத்தனை வருடம்!
கேட்க ஒருவரும் இல்லை,
தூக்கிய சேட்டோடு நான்.
பக்கத்துப் பிள்ளை வயரைப் பார்த்தாள்.
பையை நெஞ்சோடு அணைத்தாள்.
எழும்பினாள்.

"பயப்பிடாத பிள்ளை, இது கமராட பெட்டி.
கமராவ விழுங்கியிருக்கன்."
பஸ் முழுக்கக் கிறுகிப் பார்த்தது.
கொண்டக்டர் குனிந்தான்:
"மறுகா, இப்ப எவடத்த நிக்கிது?"
"சிறுகுடல் தாண்டியிராது."
"அதுக்கு டிக்கட் எடுக்கல்லியே!"
சிரித்தார்கள், நானும்தான்.
பிள்ளை மட்டும் அடுத்த தரிப்பில் இறங்கிவிட்டாள்.
அவளைப் பிழை சொல்ல மாட்டேன்.

பத்து நாள் கழித்து டாக்டர் விதுஷன்
ஐம்பதாயிரம் படத்தில் ஒன்றைக் காட்டினார்.
விழுங்கி மூன்று மணி நாற்பத்திரண்டாம் நிமிடம்
(வீட்டில் கஞ்சி ஆறக் காத்திருந்திருப்பேன்):
நனைந்த இளஞ்சிவப்புச் சுவர்,
அதில் குண்டூசித் தலையளவு சிவப்பு.
சத்தமே இல்லை.
நான் என்றால்
கோலை ஊன்றியும் தவறவிட்டிருப்பேன்.

கமரா?
அன்று மாலையே போய்விட்டது.
எங்கள் பக்கம் கழிவுநீர்க் குழாய் கிடையாது,
பின்வளவுக் குழிதான்.
பெட்டியை அதற்கு முன்னமே ஒப்படைத்தாயிற்று.
பற்றரி சாகும்வரை
வினாடிக்கு இரண்டு தரம் மின்னி
அது எடுத்த மீதிப் படங்கள்
ஒருவரிடமும் இல்லை.