ஒரு முட்டை, நான்கு பேர்

ஈயம், கூரை மூலையிலிருந்து கத்தரித்தது.
கந்தகம், தக்காளிக் கண்ணாடிக்கூடத்தில்
பூஞ்சைக்குப் புகைபோட்டதில் மீந்தது.
இரண்டையும் இரும்புக் கரண்டியில் இட்டு
அடுப்பில் காட்டினாள் அதேல்.
அழுகின முட்டை வாடை, என்றார் டோஸ்டெவின்.
தீக்குச்சி வாடை, என்றேன்.
முட்டை எப்படி நாறும் என்பதே
மறந்துவிட்டது மனிதருக்கு.

கெர்ன்சித் தீவில் அது ஐந்தாவது குளிர்காலம்.
ரேடியோக்களை ஜெர்மன்காரர்கள்
என்றைக்கோ வண்டிவண்டியாக வாங்கிப்போயிருந்தார்கள்,
ஒழுங்காக ரசீது கொடுத்து.
எங்கள் ரசீது பைபிளுக்குள் இருக்கிறது,
யோபுவின் பக்கத்தில்.
இப்போது கரண்டும் இல்லை.
பெட்டி இருந்திருந்தாலும் ஊமைதான்.
இது வேறு சாதி: கரண்ட் கேட்காது,
காற்றில் வருவதையே தின்று
அதையே பேசும்.

கதவுமணியை அவிழ்த்த செம்புக் கம்பியை
மாவு தேய்க்கும் கட்டையில் சுற்றினேன்.
தேய்க்கத்தான் மாவில்லையே.
அறுபத்தேழாவது சுற்றில் தெருவில் பூட்ஸ் சத்தம்.
விரல் நின்றது. மூச்சும்.
சத்தம் வளைவு தாண்டிக் கரைந்த பிறகு
அறுபத்தேழா, எழுபத்தேழா?
அவிழ்த்து
ஒன்றிலிருந்து மறுபடி.

ஏரியல் என்பது துணி காயும் கம்பி.
சந்தேகம் வராமலிருக்க
ஒரே போர்வையை வாரம் முழுக்க அதில் காயப்போட்டோம்.
மழையிலும்.
எர்த், கைப்பம்பின் குழாயில்.

காதுக்குத்தான் திண்டாட்டம்.
முப்பது வருஷம் கடிதம் கொடுத்து
ஒரு தபாலட்டையைக்கூடத் திருப்பிப் பார்க்காத டோஸ்டெவின்
துறைமுகத்து டெலிபோன் கூண்டுக்குள் போய்
யாருடனோ பேசுவதுபோல் தலையாட்டிக்கொண்டே
காதை மட்டும் திருகி எடுத்தார்.
டயருக்குப் பதில் தோட்டக்குழாய் மாட்டிய சைக்கிளில்
தடதடவென்று வந்து சேர்ந்தார்,
தொப்பிக்குள் திருட்டோடு.

கல்லைத் தொட்டுத் தேடும் மெல்லிய கம்பிக்குப்
பூனைமீசை என்று பெயராம்.
தையல் டீச்சர் ஓசான் ஒரு குண்டூசி தந்தார்.
அவருடைய பூனை
நவம்பரிலேயே காணாமல் போயிருந்தது.
பட்டாளத்துக்காரர்களுக்கும் பசிதான்.
பெயரைக் கேட்டதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை,
ஊசியைத் தானே பொருத்தினார்.

கல்லில் எல்லா இடமும் பேசாது.
ஒரு புள்ளிதான். நகத்தின் நுனியில் பாதி.
முதல் இரவு ஒன்றுமில்லை. இரண்டாம் இரவும்.
மூன்றாம் இரவு அதேலின் முகம் மாறியது.
சொல்லாமல் காதைக் கழற்றி
மேஜைமேல் இருந்த பீங்கான் கிண்ணத்தில் போட்டாள்.
நிறைகுடம் தளும்பாது, சரி.
வெறுங்கிண்ணம் அப்படிப் பேசும் என்று யார் கண்டது!
நான்கு தலைகள் அதன் விளிம்பில் கவிழ்ந்தன,
கஞ்சி குடிப்பதுபோல.

கடலுக்கு அப்பாலிருந்து ஒரு பெண் குரல்,
கொசுவின் அளவு, ஆனால் அத்தனை தெளிவு:
"ஒரு முட்டையைக் கொண்டு
நான்கு பேருக்கு எப்படிப் பரிமாறலாம் என்று
இன்று பார்ப்போம்."

முதலில் டோஸ்டெவினின் தோள் குலுங்கியது.
ஓசான் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார்.
அந்த ஒரு முட்டை எங்கே என்று கேளுங்களேன் என்றாள் அதேல்,
கிண்ணத்துக்குள் குனிந்து.
அவ்வளவுதான்.
சத்தமில்லாமல் சிரிப்பது எப்படி என்று
அந்த வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.
மேஜை ஆடி, ஊசி நழுவி,
செய்திக்கு மணியடிக்கும் நேரத்தில்
கிண்ணம் வெறும் கிண்ணமாயிற்று.
விடியும்வரை தேடியும்
அந்தப் புள்ளி அகப்படவில்லை.

காலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து
மேடம் லெ பாஜ், மெல்ல:
ஏதாவது உண்டா?

ஒரு முட்டை போதுமாம், நான்கு பேருக்கு, என்றேன்.
அவர் கண்ணைச் சிமிட்டவில்லை.
புரிந்தது, என்பதுபோல் தலையசைத்து
உள்ளே போனார்.

சாயங்காலம் ரொட்டி வரிசையில்
யாரோ என் முதுகுக்குப் பின்னால் கிசுகிசுத்தார்கள்:
உறுதியான சேதி.
நான்கு நாளில் முடிந்துவிடுமாம்.